நாற்பதைத் தாண்டிய பெண்களின் பேசப்படாத ஆண்டுகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஓராண்டு முழுவதும் மாதவிடாய் வராதிருந்தால்தான் அது நின்றுவிட்டதாக மருத்துவம் கணக்கிடுகிறது. அதற்கு முந்தைய சில ஆண்டுகளைப் பற்றி நம் வீடுகளில் பேச்சே எழுவதில்லை. இந்தியப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதில் மாதவிடாய் நின்றுவிடுவதால், 40ஐத் தாண்டியதுமே மாற்றங்கள் தொடங்கக்கூடும். நாள் தள்ளியோ முந்தியோ வருவது, நள்ளிரவில் கழுத்தும் மார்பும் வியர்த்து விழிப்புத் தட்டுவது, காரணமில்லாத எரிச்சல், மூட்டு வலி, படபடப்பு ஆகியவற்றையெல்லாம் வீட்டார் 'டென்ஷன்' என்று ஒதுக்க, அந்தப் பெண்ணும் அதையே நம்பிவிடுகிறார்.

தைராய்டு கோளாறும் இரத்தசோகையும் ஏறத்தாழ இதே தொல்லைகளைத் தருவதால், அவற்றுக்கான இரத்தப் பரிசோதனையைச் செய்துகொள்வது நல்லது. மணிக்கொரு நாப்கின் நனையும் அளவுக்கு உதிரப்போக்கு இருந்தாலோ, ஓராண்டு நின்றபின் மீண்டும் இரத்தம் கண்டாலோ, 'நிற்கிற காலத்தில் அப்படித்தான் இருக்கும்' என்ற பக்கத்து வீட்டு ஆறுதலை ஏற்காமல் உடனே மகளிர் நல மருத்துவரைப் பார்க்க வேண்டும். (கருத்தடையையும் அவசரப்பட்டுக் கைவிடலாகாது, இந்த வயதிலும் கரு தங்குவதுண்டு.) மாலைக்குப் பின் காபியைத் தவிர்ப்பதும் நாள்தோறும் நடப்பதும் ஓரளவு உதவும். தொல்லை மிகுந்தால் ஹார்மோன் சிகிச்சை உண்டு. அது யாருக்குப் பொருந்தும் என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும்.

2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி வரும் பெண் தன்னார்வலர்கள் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்க்கிறார்கள். மாதவிடாய் மாற்றங்களையும் தூக்கத்தையும் கேட்டுக் குறித்துக்கொள்ளும் பொறுப்பையும் அவர்களிடமே மக்கள் நல்வாழ்வுத் துறை ஒப்படைக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, மதுரை.