கம்ப்ரஸரை மட்டும் மாற்றினால் போதாதா?

வணக்கம்.

பங்குனி பிறந்தாலே நம்ம கடையில் கார் ஏசி பற்றி ஒரே கேள்வியை நாளுக்கு நாலு பேருக்கு நின்றுகொண்டே விளக்க வேண்டியிருக்கிறது. வேலையும் ஓடாது, கேட்பவர் காதிலும் பாதிதான் விழும், அதனால் எல்லோருக்கும் சேர்த்து ஒரே மடலாக எழுதிவிடுகிறேன். கேள்வி இதுதான்: "அண்ணாச்சி, கம்ப்ரஸர் போச்சுன்னா கம்ப்ரஸரை மாத்துங்க, டிரையரு, வால்வு, கண்டன்ஸருன்னு எதுக்கு பில்லை இழுக்கிய?"

நியாயமான கேள்விதான். கம்ப்ரஸர் என்பது குளிர்விக்கிற கேஸை அழுத்திச் சுற்றவிடும் பம்ப். கண்டன்ஸர் கேஸின் சூட்டை வெளியே விடும், டிரையர் ஈரத்தை உறிஞ்சும், வால்வு கேஸை அளந்து கூலிங் காயிலுக்குள் விடும், அந்தக் காயில்தான் காற்றைக் குளிர வைக்கும். பத்துப் பதினைந்து வருஷம் ஓடிய வண்டி, விற்றால் என்ன கிடைக்கும் என்று உங்களுக்கும் தெரியும் எனக்கும் தெரியும், அதில் ஏசிக்கு மட்டும் இவ்வளவா என்று வயிறு எரியத்தான் செய்யும். போன கார்த்திகையில் குளச்சல் பக்கத்திலிருந்து ஒரு குவாலிஸ் வேன் வந்தது. சபரிமலை சீசன், வண்டி ஒரு நாள் நின்றாலும் அவருக்கு ஓட்டம் போய்விடும், "கம்ப்ரஸரை மட்டும் போட்டு விடுங்க, மிச்சத்தை சீசன் முடிஞ்சு பாத்துக்கலாம்" என்றார். எனக்கு மனசு ஒப்பவில்லை, ஆனாலும் பழகிய மனிதர், சரி என்று போட்டுக் கொடுத்துவிட்டேன். மூன்றாவது வாரம் அதே வண்டி வாசலில் நிற்கிறது, புது கம்ப்ரஸரும் ஜாம். பைப்பைக் கழற்றி ஒரு வெள்ளைத் துணியை உள்ளே விட்டுத் துடைத்து எடுத்தேன். துணியில் வந்தது ஆயில் இல்லை, கறுப்புச் சேறு, வெயிலில் பிடித்துப் பார்த்தால் நெத்திலித் தோல் மாதிரி மினுங்கியது. அவ்வளவும் அலுமினியத் தூள். பழைய கம்ப்ரஸர் சாகும்போது தன்னையே அரைத்து லைனுக்குள் தள்ளிவிட்ட தூள், அது ஒரு சுற்று வந்து புதுசையும் அரைத்துவிட்டது. குவாலிஸில் பின்சீட்டுக்கும் தனி கூலிங் காயில் இருப்பதால் தூள் ஒளிந்துகொள்ள இடமும் அதிகம். இரண்டாவது செலவில் பாதியை நான் ஏற்றுக்கொண்டேன், தெரிந்தே செய்த தப்பு என்னுடையதுதானே.

விஷயம் என்னவென்றால், இன்ஜினுக்கு இருக்கிற மாதிரி கார் ஏசி கம்ப்ரஸருக்கென்று தனியாக எண்ணெய் சுற்று கிடையாது, கேஸோடு கேஸாகக் கலந்து அதே ஆயில்தான் கண்டன்ஸர், டிரையர், வால்வு, கூலிங் காயில் என்று எல்லா இடமும் போய்த் திரும்ப வருகிறது. அதனால் ஓர் இடத்தில் விழுந்த குப்பை எல்லா இடத்துக்கும் சொந்தம். பைப்பையும் காயிலையும் ஃப்ளஷ் செய்யலாம், அதாவது உள்ளே கழுவி எடுக்கலாம், பழைய மாடல் கண்டன்ஸரில் ஒரே பைப் வளைந்து வளைந்து போகும், அதையும் ஓரளவு கழுவி எடுத்துவிடலாம். இப்போதைய கண்டன்ஸரில் தட்டைக் குழாய், அதற்குள் மயிரிழை மாதிரி பல ஓட்டைகள். அதில் தூள் போய் உட்கார்ந்தால் எந்தக் கொம்பனாலும் முழுசாகக் கழுவ முடியாது, மாற்றத்தான் வேண்டும்.

டிரையர் வேறு கதை. அதற்குள் இருக்கும் மணிகள் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், ஒரு அளவுக்கு மேல் உறிஞ்சாது. லைனைத் திறந்த நிமிஷத்திலிருந்து அது நம்ம ஊர்க் காற்றைக் குடிக்க ஆரம்பிக்கும். ஆர்134ஏ என்கிற ஏசி கேஸோடு போடுகிற பிஏஜி என்கிற கம்ப்ரஸர் ஆயிலும் அப்படித்தான், ஐப்பசி மழையில் மூடாமல் வைத்த கருப்பட்டி மாதிரி ஈரத்தை இழுத்துக் கசியும். அந்த ஈரம் உள்ளே தங்கினால் வால்வின் ஊசிமுனை இடத்தில் ஐஸாக உறைந்து நிற்கும், முதல் இருபது நிமிஷம் ஜில்லென்று அடித்துவிட்டு அப்புறம் வெறும் காற்று வரும். அதோடு போகாமல் அமிலமாகி உள்ளிருந்தே அரிக்கவும் செய்யும். வேக்கம் போட்டு, அதாவது லைனில் உள்ள காற்றைப் பம்பால் உறிஞ்சி எடுத்து, கேஜில் 29 இஞ்சுக்குப் பக்கம் கொண்டுவந்தால்தான் தண்ணீர் நம்ம ஊர்ச் சூட்டிலேயே கொதித்து ஆவியாக வெளியே வரும். அதற்கு முக்கால் மணி நேரமாவது வேண்டும், அப்புறம் பம்பை நிறுத்திவிட்டு முள் அசையாமல் நிற்கிறதா என்று காத்திருக்க வேண்டும். "சும்மா ஓடுற மிஷினுக்கு என்ன கூலி" என்று ஒருத்தர் கேட்டார், சிரித்துவிட்டுப் போய்விட்டேன்.

இன்னொன்று, முட்டம், குளச்சல், மணவாளக்குறிச்சி என்று கடலோரத்தில் நிற்கிற வண்டிகளுக்குக் கண்டன்ஸரின் முன்பக்கத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். உப்புக்காற்றில் ஃபின் என்கிற மெல்லிய தகடெல்லாம் வெளுத்து, விரலால் தொட்டால் பப்படம் மாதிரி உதிரும். ஃபின் உதிர்ந்தால் சூடு வெளியே போகாது, பிரஷர் ஏறும், ஃபேனும் மெதுவாகச் சுற்றினால் கேட்கவே வேண்டாம். கம்ப்ரஸர் அந்தப் பாரத்தைச் சுமந்து சுமந்துதான் போகிறது. காரணத்தை அப்படியே விட்டுவிட்டு கம்ப்ரஸரை மட்டும் மாற்றுவது ஓட்டைப் பானையில் தண்ணீர் மொள்கிற வேலை.

இதற்கு மாறான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கம்ப்ரஸர் போய்விட்டது என்று வேறு இடத்தில் சொல்லி அனுப்பிய பல வண்டிகளில் கம்ப்ரஸருக்கு ஒன்றுமே இருக்காது. கம்ப்ரஸரைப் புல்லியோடு சேர்க்கிற கிளட்சின் காயில் எரிந்திருக்கும், பிரஷர் சுவிட்ச் வயரை எலி கடித்திருக்கும், இல்லையென்றால் கேஸ் கசிந்து குறைந்ததால் சுவிட்ச் ஆன் ஆக விடாது. ஏசியை அணைத்தாலும் கரகரவென்று சத்தம் வந்தால் அது பெரும்பாலும் புல்லி பேரிங். ஏசி போட்டால் மட்டும் சத்தம் வந்து, அணைத்ததும் நின்றால் கம்ப்ரஸர் மேல் சந்தேகப்படலாம். பேரிங் சத்தத்தை மட்டும் இழுத்தடிக்காதீர்கள், அது இறுகினால் பெல்ட்டை அறுத்துவிடும், சில வண்டிகளில் அதே பெல்ட்தான் ஆல்டர்னேட்டரையும் வாட்டர் பம்பையும் ஓட்டுகிறது, திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்குப் போகிற வழியில் நெய்யாற்றின்கரையில் நின்று போன் பண்ணினால் நான் என்ன செய்ய. பேரிங் நன்றாக இருந்து கம்ப்ரஸர் மட்டும் போயிருந்தால் ஏசியைப் போடாமல் தாராளமாக ஓட்டலாம், கிளட்ச் பிடிக்காதவரை புல்லி சும்மாதான் சுற்றும். காசு சேர்ந்ததும் வாருங்கள், ஒன்றும் கெட்டுப்போகாது.

நம்ம மாவட்டத்துக்கென்றே ஒரு நோய் உண்டு, அது வளைகுடாவில் வேலை பார்க்கிறவர்களின் வண்டி. பதினொரு மாதம் ஷெட்டில் கிடக்கும், லீவுக்கு வந்த அன்று ஏசி வேண்டும். ஓடாமல் கிடந்தால் ஆயில் கீழே இறங்கி கம்ப்ரஸர் தண்டைச் சுற்றி கேஸைத் தடுக்கிற ஷாப்ட் சீல் காய்ந்துவிடும், அந்த வழியாகவே கேஸ் போய்விடும். வீட்டில் தம்பியோ மச்சானோ இருந்தால் வாரத்துக்கு ஒரு தடவை பத்து நிமிஷம் ஏசி போட்டு ஓட்டச் சொல்லுங்கள், மழைக்காலத்திலும்.

ரொம்பப் பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு: அந்தக் காலத்து ஏசி கேஸான ஆர்12ஐ இனித் தேடாதீர்கள், 1987 மான்ட்ரியல் ஒப்பந்தத்தோடு அதற்கு நாள் குறித்தாயிற்று. 134ஏக்கு மாற்றலாம், ஆனால் ஆயில், ஓரிங் என்கிற ரப்பர் வளையம், டிரையர் எல்லாம் மாற வேண்டும், பழைய மினரல் ஆயில் அந்த கேஸோடு கலக்காது. சமையல் சிலிண்டர் கேஸ் கலந்து மலிவாக ஏற்றித் தருகிறார்கள் என்று சொல்லி என்னிடம் வராதீர்கள். கூலிங் காயில் இருப்பது உங்கள் முழங்காலுக்கு முன்னால் டேஷ்போர்டுக்குள், அங்கே தீப்பிடிக்கிற கேஸ் கசிந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லியா தெரிய வேண்டும். லீக்கை அடைக்கிற டப்பா மருந்தும் நம்ம கடையில் கிடையாது.

சரி, இனி நடைமுறை. கம்ப்ரஸர் உள்ளே அரைந்து போயிருந்தால் ஃப்ளஷ், டிரையர், வால்வு, ஓரிங் சேர்த்துத்தான் வேலை எடுப்பேன், கண்டன்ஸர் பார்த்துச் சொல்வேன். வெறும் சீல் லீக் என்றால், துணியில் ஆயில் சுத்தமாக வந்தால், அவ்வளவு தேவையில்லை, டிரையரோடு முடித்துவிடலாம். துணியை உங்கள் முன்னாலேயே துடைத்துக் காட்டுகிறேன். ஆயிலை அளந்து ஊற்றி, பெல்ட் மாட்டும் முன் கிளட்சைக் கையால் பத்துச் சுற்று சுற்றி, கேஸை எடை மெஷினில் வைத்துத்தான் ஏற்றுகிறோம், பானெட் ஸ்டிக்கரில் எத்தனை கிராம் என்று இருக்கிறதோ அத்தனை. கூடுதலாக ஏற்றினால் கூடுதலாகக் குளிரும் என்பது தப்பு, பிரஷர்தான் ஏறும்.

பழைய இரும்புக் கடையிலிருந்து நீங்களே கம்ப்ரஸர் வாங்கி வந்தால் மாட்டித் தருவேன், கேரண்டி மட்டும் கேட்கக் கூடாது. ரீகண்டிஷனுக்கு மூன்று மாதம், புதுசுக்குக் கம்பெனி கொடுப்பது. வண்டி இரண்டு நாள் கடையில் நிற்கும், கழற்றிய சாமான் எல்லாம் டிக்கியில் சாக்கில் கட்டி வைத்திருப்போம், வீட்டுக்குப் போய் அவிழ்த்துப் பாருங்கள்.

காலை ஒன்பதுக்கு முன்னால் வந்தால் இன்ஜின் சூடேறும் முன் செக் பண்ண வசதி. ஞாயிறு கடை இல்லை.

இப்படிக்கு,
நம்ம ஏசி பட்டறை,
நாகர்கோவில்