மர்ம நாவல் வாசகர் வட்டம், மட்டக்களப்பு: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகசபை உறுப்பினர்களே, வாசக அன்பர்களே, வணக்கம்.

இவ்வாண்டும் போயா (முழுநிலவு) தினங்களில் பிற்பகல் 4 மணிக்குக் கூடினோம். மார்கழி மாரியில் ஒரு கூட்டம் தடைப்பட்டது. கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். நான் நூல்களுக்கே வருகிறேன்.

ஆண்டின் பெரிய வாசிப்பு, வில்கி கொலின்ஸின் ‘வெள்ளுடைப் பெண்’. 1859 நவம்பர் முதல் 1860 ஆகஸ்ட் வரை, டிக்கன்ஸ் நடத்திய வார இதழில் 40 பகுதிகளாக வந்த கதை இது. ஒவ்வொரு பகுதியும் அடுத்த கிழமை வரை வாசகரைத் தவிக்க வைக்கும்படி வெட்டப்பட்டிருக்கிறது. அந்தத் தவிப்பு கெடாதிருக்க மாதம் 4 பகுதியாக, பத்துக் கூட்டங்களில் முடித்தோம். இரண்டு இரவில் முடித்துவிட்டு வருபவருக்குக் கதை தெரியும், சந்தேகப்பட்ட சுகம் தெரியாது.

இந்நாவல் வழக்கு மன்றச் சாட்சியம் போல, ஒவ்வொருவரும் தாம் அறிந்ததை மட்டும் எழுதும் முறையில் போகிறது. ஆகவே கொப்பியில் நான்கு நிரல் போட்டுக்கொள்வது உதவும்: திகதி, இடம், சொல்பவர், அவர் அதை நேரில் கண்டாரா அல்லது கேள்விப்பட்டாரா. நான்காவது நிரல்தான் முக்கியம். ஒருவர் கேள்விப்பட்டதை இன்னொருவர் கண்டதாக எடுத்துக்கொள்ளும் இடத்தில்தான் வாசகர் ஏமாறுகிறார். திகதி நிரலில் ஒரு சிக்கலும் உண்டு. 1860இல் நூலாக வந்தபோது ஒரு பயணத்தின் திகதி பிழையாக இருந்ததை லண்டன் ‘டைம்ஸ்’ மதிப்புரை சுட்டிக்காட்ட, கொலின்ஸ் பின்னைய பதிப்பில் திருத்தினார். பழைய பதிப்பும் திருத்திய பதிப்பும் ஒரே மேசைக்கு வந்தால் கணக்கு இடறும். எந்தப் பதிப்பு என்பதை முன்பக்கத்தில் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

பிடித்த நூலை மற்றவருக்குச் சொல்லும் முறை பற்றி நிர்வாகசபை எடுத்த முடிவை இங்கே பதிவுசெய்கிறேன். வீட்டைச் சொல்லலாம், காலநிலையைச் சொல்லலாம், கதை சொல்பவர் யார் என்று சொல்லலாம், முதல் 40 பக்கத்தில் நடப்பதைச் சொல்லலாம். அதற்கு மேல் வாய் திறக்கக் கூடாது. ‘கடைசியில் ஒரு திருப்பம் இருக்கு, பாருங்கோ’ என்பதும் கூடாது. அதைக் கேட்டவர் கதையை விட்டுவிட்டுத் திருப்பத்தை மட்டுமே தேடிக்கொண்டிருப்பார். டாப்னி டு மோரியரின் ‘ரெபேக்கா’வை (1938) எப்படிச் சொல்லலாம் என்று பாருங்கள்: கதை சொல்லும் பெண்ணுக்குக் கடைசிவரை பெயரே இல்லை, செத்துப்போன முதல் மனைவியின் பெயர்தான் நூலின் தலைப்பு. இதற்கு மேல் ஒரு சொல்லும் வேண்டாம்.

பழைய நூல்களின் முன்னுரைகள் பெரிய ஆபத்து. ஆய்வாளர்கள் முடிவை மூன்றாம் பக்கத்திலேயே போட்டு உடைத்துவிடுவார்கள். அதனால் இரவல் அலுமாரியிலுள்ள நூல்களில் முன்னுரைப் பக்கங்களைச் சேர்த்து இரண்டு விரல் அகலக் கடதாசிப் பட்டி சுற்றியிருக்கிறோம். பட்டியின் நுனிகளை மட்டும் ஒன்றோடொன்று ஒட்டவேண்டும். பசை பக்கத்தில் படக்கூடாது. நூலை முடித்த பின் பட்டியை உருவி முன்னுரையை வாசியுங்கள், அப்போது அது அருமையாக இருக்கும்.

சுருக்கப் பதிப்புகளை இனி வாங்குவதில்லை. சுருக்குபவர் முதலில் வெட்டுவது வர்ணனையை. மர்மக் கதையில் தடயம் ஒளிந்திருப்பதே அங்கேதான்: திறந்து கிடந்த கதவு, ஆறிப்போன தேநீர், இடம் மாறிய நாற்காலி. தமிழ் மொழிபெயர்ப்பை வாங்குமுன் அத்தியாய எண்ணிக்கையை மூலத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பேயா மனமா என்ற விவாதத்துக்கு ஹென்றி ஜேம்ஸின் 1898 குறுநாவலான ‘த டேர்ன் ஒவ் த ஸ்க்ரூ’வையும் சுஜாதாவின் ‘கொலையுதிர் காலம்’ நூலையும் அடுத்தடுத்து வைத்தோம். ஜேம்ஸ் தீர்ப்பே சொல்வதில்லை. சுஜாதாவில் கணேஷும் வசந்தும் அதே கேள்வியில் எதிரெதிராக நிற்கிறார்கள். இரண்டையும் இந்த வரிசையில் வாசிப்பதே நல்லது. முழுநிலவில் கல்லடி வாவியில் துடுப்பைத் தண்ணீரில் இறக்கி, மறுநுனியில் காது வைத்துப் பாடுமீன் கேட்கும் ஊர் நம்முடையது. எங்கிருந்து வருகிறது என்று தெரியாத ஒலி மனதை என்ன செய்யும் என்பதை நமக்கு விளக்கத் தேவையில்லை.

நூல் பராமரிப்பு: ஐப்பசி முதல் தை வரை அலுமாரியைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வையுங்கள். பொலித்தீன் உறை போட்டு இறுக்க வேண்டாம். ஈரம் உள்ளே தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். நனைந்த நூலை வெயிலில் போட்டால் அட்டை வளைந்து முதுகுப் பசை வெடிக்கும். நிமிர்த்தி, விசிறிபோல விரித்து, மின்விசிறிக் காற்றில் உலர்த்துங்கள். பூச்சி அரித்த நூலைக் காற்றுப் புகாத பையில் கட்டி இரண்டு கிழமை உறைகுளிரில் வைத்து, வெளியே எடுத்த பின் ஒருநாள் பையைத் திறக்காமல் விடவேண்டும். உடனே திறந்தால் தாளில் நீர் வியர்க்கும். இரவல் காலம் 21 நாள்.

வரும் ஆண்டுக்கு ‘டிராகுலா’ (1897). முழுவதும் நாட்குறிப்பு, கடிதம், தந்தி, பத்திரிகைச் செய்தி போன்றவை. முதல் குறிப்பு மே 3, ஆகவே நாமும் மே 3 அன்று தொடங்குவோம். ஆனால் நாட்காட்டிப்படி வாசிக்கக் கூடாது. கோட்டைக்குள் நடப்பது யூன் முடிவுவரை ஒரே மூச்சில் போய், அதன் பிறகே ஐந்தாம் அத்தியாயத்தில் மே மாதக் கடிதங்கள் வருகின்றன. திகதி வரிசையில் அவற்றைக் கலந்தால், அடைபட்டவனின் தனிமை உடைந்துபோகும். முதல் கூட்டத்துக்கு நான்கு அத்தியாயங்கள் மட்டும் வாசித்து வாருங்கள். ஐந்தாவதைத் திறக்க வேண்டாம்.

நன்றி.
செயலாளர்