மூன்று நாள் கூடலுக்கு உன் யோசனை வேண்டும்

அன்புள்ள தோழிக்கு,

இங்கே எல்லோரும் நலம். நான் பதில் போடவில்லை என்று வாத்தியாரிடம் நீ புகார் வாசித்தது என் காதுக்கும் வந்துவிட்டது. சண்டையை அப்புறம் வைத்துக்கொள்வோம். இப்போது எனக்கு உன் யோசனை அவசரமாக வேண்டும்.

எங்கள் டீம் முழுவதையும் மூன்று நாள் ஓரிடத்தில் கூட்டும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. ஆஃப்சைட் என்கிறார்கள். எல்லோரும் ஆளுக்கொரு ஊரில் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர்கள். பாதிப் பேர் ஒருவரையொருவர் நேரில் பார்த்ததே இல்லை. யார் உயரம், யார் குட்டை என்றுகூடத் தெரியாது.

இதற்கு ஏன் இவ்வளவு மெனக்கெடுகிறாய் என்று கேட்பாய். டீமில் ஒரு பெண் இருந்தாள். காலை மீட்டிங்கில் தன் முறை வந்ததும் மைக்கை ஆன் செய்வாள். "நேற்று இது முடிந்தது, இன்று இதைப் பார்க்கிறேன், தடை எதுவும் இல்லை." உடனே மைக் ஆஃப். தினமும் இதே மூன்று வரி. அவள் வேலையை விட்ட பிறகுதான் விஷயம் தெரிந்தது: படுத்த படுக்கையாகக் கிடந்த அப்பாவைப் பக்கத்து அறையில் வைத்துப் பார்த்துக்கொண்டே அத்தனை மாதமும் வேலை செய்திருக்கிறாள். எங்களில் ஒருவரிடமாவது சொல்லலாம் என்று அவளுக்குத் தோன்றவில்லை. அது என்னை இன்னும் அறுக்கிறது.

மேலிடம் அனுப்பிய நிகழ்ச்சி நிரலைப் பார்த்தால் உனக்கு மூச்சு முட்டும். காலையில் உரை, அதன் பின் ஸ்லைடு, மதியம் அடுத்த ஆண்டுத் திட்டம், மறுபடி ஸ்லைடு, மாலையில் எல்லோரும் கட்டாயம் ஆட வேண்டிய விளையாட்டு, ராத்திரி பரிசளிப்பு. ஸ்லைடு பார்ப்பதற்கா இத்தனை பேர் பெட்டி கட்டிக்கொண்டு வர வேண்டும்? அதை வீட்டிலேயே பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்!

கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். வெறும் அறிமுகம் ஓரளவு நட்பாக மாறவே சுமார் 50 மணி நேரம் சேர்ந்து கழிக்க வேண்டியிருக்கிறதாம். நெருங்கிய நட்புக்கு 200 மணிக்கும் மேல். நீயே கணக்குப் போடு. மூன்று நாளில் தூக்கம் போக மிஞ்சுவதே 50 மணிக்குக் குறைவு. அதிலும் பாதியை மேடைக்குக் கொடுத்துவிட்டால் என்ன மிச்சம்? அதனால் மூன்று நாளில் எல்லோரும் நண்பர்களாகிவிடுவார்கள் என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுக்கப் போவதில்லை. ஊருக்குத் திரும்பிய பிறகு, தயங்காமல் போன் போட ஆளுக்கு இரண்டு பேராவது கிடைத்திருக்க வேண்டும். அது போதும்.

ஹாரிசன் ஓவன் என்பவரின் கதை உனக்குப் பிடிக்கும். பாடுபட்டு ஒரு மாநாடு நடத்தியிருக்கிறார். அதில் காபி இடைவேளைதான் நன்றாக இருந்தது என்று வந்தவர்கள் சொன்னார்களாம். அதனால் 1985இல் அவர் நடத்திய கூட்டத்துக்கு நிரலே போடவில்லை. எதைப் பேசுவது என்பதை வந்தவர்களே முடிவு செய்தார்கள். அந்தத் துணிச்சலில் பாதியாவது எனக்கு வேண்டும்.

என் திட்டம் இதுதான். காலையில் மட்டும் வேலை. அதுவும் நிஜமாகவே மாட்டிக்கொண்டு நிற்கிற ஒரு சிக்கலை, வழக்கமாகச் சேர்ந்து வேலை செய்யாதவர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து அவிழ்க்க வேண்டும். மதியத்துக்கு மேல் இரண்டிரண்டு பேராக நடக்கப் போகட்டும். மேலதிகாரியையும் அவருக்குக் கீழே இருப்பவரையும் ஜோடி சேர்க்க மாட்டேன். மதிப்பெண் போடுகிறவரிடம் யார் மனம்விட்டுப் பேசுவார்கள்? மாலை முழுக்கக் காலி. கூட்டம் சலித்தவர் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளலாம், ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது. கைக்குழந்தை உள்ளவர் குழந்தையோடும் துணைக்கு ஒருவரோடும் வரலாம், செலவு கம்பெனியுடையது. இதை நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

வர முடியாதவர்களை நினைத்தால்தான் கவலை. மூலையில் ஒரு லேப்டாப்பைத் திறந்து வைத்து, மற்றவர்கள் சிரிப்பதை அவர்கள் தூரத்திலிருந்து பார்ப்பது கொடுமை. அவர்களுக்கென்று பின்னால் ஒரு சின்னச் சந்திப்பு வைக்கலாமா? அதற்குப் பணம் கேட்டால் முகத்தைச் சுளிப்பார்கள். கேட்கத்தான் போகிறேன்.

உன்னிடம் கேட்க வேண்டியது ஒன்று பாக்கி. அந்த முகாமில் இரண்டு நாள் வாயே திறக்காமல் இருந்தாளே, நாம் குண்டூசி என்று கூப்பிட்ட பெண், அவளை மூன்றாம் நாள் பாட வைத்தாயே, அவளிடம் என்ன பேசினாய்? அன்றைக்கும் சொல்லாமல் மழுப்பிவிட்டாய். இந்தத் தடவை தப்பிக்க முடியாது. நிரலை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும், அதற்கு முன்னால் எழுது. எழுத நேரமில்லை என்றால் போன் பண்ணு, ராத்திரி எத்தனை மணியானாலும் சரி.

அன்புடன்,
உன் பழைய பெஞ்ச் தோழி