ஒருங்கிணைந்த ஆய்வகங்களில் ஊரின் நோய்க்கும் இடம் வேண்டும்: மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத் துறைச் செயலாளர் அவர்களுக்கும், பொது சுகாதாரம் மற்றும் நோய்த்தடுப்பு மருந்துத் துறை இயக்குநர் அவர்களுக்கும்,

வணக்கம்.

ஒன்றிய அரசு 2021 அக்டோபரில் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் சுகாதார உள்கட்டமைப்பு இயக்கத்தின்கீழ், நாட்டின் 730 மாவட்டங்களிலும் ஒருங்கிணைந்த பொது சுகாதார ஆய்வகங்களை அமைப்பது என்று முடிவானது. மருத்துவமனையின் வழக்கமான ரத்தப் பரிசோதனைக் கூடம், காசநோய்த் திட்டத்தின் சளிப் பரிசோதனை, நோய்க் கண்காணிப்புத் திட்டத்தின் ஆய்வகம் என்று தனித்தனியே இயங்கி வந்தவை இனி ஒரே கூரையின்கீழ் வரும். ஒரே வளாகத்தில் மூன்று குளிர்பதனப் பெட்டிகள் பாதி காலியாக ஓடிக்கொண்டிருக்க, நான்காவதற்கு விலைப்புள்ளி கோரும் நிலையைக் கண்டவர்கள் யாரும் இந்த ஏற்பாட்டை எதிர்க்க மாட்டார்கள். நானும் எதிர்க்கவில்லை. அரசு ஆய்வகங்களில் நுண்ணுயிரியலாளராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில், இந்த இணைப்பில் எது கரைந்துபோய்விடக்கூடும் என்பதை மட்டும் தங்கள் பார்வைக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

மருத்துவமனை ஆய்வகத்துக்கும் பொது சுகாதார ஆய்வகத்துக்கும் கருவிகள் ஒன்றாக இருக்கலாம். ஆனால் அவற்றிடம் கேட்கப்படும் கேள்விகள் வேறு. ஒரு தெருவில் நான்கு பேருக்கு வயிற்றுப்போக்கு என்று வைத்துக்கொள்வோம். அவர்கள் அரசு மருத்துவமனைக்கு வருகிறார்கள், குளுக்கோஸ் ஏற்றப்படுகிறது, உப்பு-சர்க்கரைக் கரைசல் தரப்படுகிறது, இரண்டாம் நாள் வீடு திரும்புகிறார்கள். அவர்களைக் குணப்படுத்திய மருத்துவருக்கு எந்தக் கிருமி என்று தெரிந்தாக வேண்டிய கட்டாயம் இல்லை. சிகிச்சை அநேகமாக ஒன்றுதான். ஆனால் அந்த மாவட்டத்தின் சுகாதார அலுவலருக்கு அதுதான் எல்லாமே. அது காலராவா, ஷிகெல்லா என்ற சீதபேதிக் கிருமியா, கெட்டுப்போன உணவா என்பதைப் பொறுத்துத்தான் அவர் குடிநீர்க் குழாயைத் தோண்டச் சொல்வதா, கல்யாண மண்டபத்துச் சமையற்கூடத்தைப் பூட்டச் சொல்வதா என்று முடிவெடுக்க முடியும். நோயாளி குணமான பிறகும் அவருடைய மல மாதிரிக்கு மதிப்பு இருக்கிறது என்று கருதும் ஒரே இடம் பொது சுகாதார ஆய்வகம்.

ஒரே மேசையில் இரண்டு வேலைகளும் வந்து விழும்போது எது முதலில் நடக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வெளியே வரிசையில் காத்திருக்கும் நோயாளியின் சர்க்கரை அளவும், அறுவை சிகிச்சைக்குக் கிடத்தப்பட்டிருப்பவரின் ரத்த அறிக்கையும் முன்னே போகும். ஐஸ் பெட்டியில் வந்த குடிநீர் மாதிரி மாலை வரை காத்திருக்கும். ஆய்வக நுட்பனரை இதற்காகக் குறை சொல்ல முடியாது. அவர் இடத்தில் யார் இருந்தாலும் அப்படித்தான் செய்வார்கள். எனவே, ஊருக்கான வேலையை ஒருவருடைய நல்லெண்ணத்துக்கு விட்டுவிடாமல், ஆணையிலும் பணியிடத்திலும் எழுதி வைக்க வேண்டியிருக்கிறது.

குடிநீர் மாதிரியைப் பற்றிச் சொன்னேன். அதை இன்னும் சற்று அருகில் நின்று பார்ப்பது நல்லது. மேல்நிலைத் தொட்டியிலிருந்து வரும் குழாய் நீரில், கடைசி வீட்டில் பிடித்தாலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும் என்பதும், 100 மில்லி லிட்டர் நீரில் ஈ.கோலை ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பதும் நமது அளவுகோல்கள். கிருமிப் பரிசோதனைக்கு நீர் எடுக்கும் பாட்டிலில் முன்கூட்டியே சில சொட்டு சோடியம் தயோசல்பேட் விட்டுக் கிருமி நீக்கம் செய்து வைத்திருப்பார்கள். நீரில் உள்ள குளோரினை அது முறித்துவிடும். அந்தச் சொட்டுகள் இல்லாத வெறும் பாட்டிலில் நீரைப் பிடித்தால், வழியெல்லாம் குளோரின் தன் வேலையைச் செய்துகொண்டே வரும். ஆய்வகத்துக்கு வந்து சேர்வதற்குள் கிருமிகள் செத்துப்போயிருக்கும். 'குடிக்கத் தகுந்தது' என்று அறிக்கை போகும். குளோரினே இல்லாத நீரை வெயிலில் வைத்துக் கொண்டுவந்தாலோ இதற்கு நேர்மாறாகக் கிருமிகள் பெருகிவிடும். மாதிரி எப்படி எடுக்கப்பட்டது, எப்போது எடுக்கப்பட்டது, ஐஸில் வந்ததா என்று கேட்டுத் திருப்பியனுப்பும் அதிகாரமும் துணிவும் உள்ள ஒருவர் ஆய்வகத்தின் வாசலில் இல்லையென்றால், உள்ளே எத்தனை லட்ச ரூபாய்க் கருவி இருந்தும் பயனில்லை. 2022 ஜூலையில் காரைக்காலில் காலரா உறுதியாகிப் புதுச்சேரி அரசு பொது சுகாதார அவசரநிலையை அறிவித்தபோது நம் எல்லை மாவட்டங்களும் விழித்துக்கொண்டன. அந்த விழிப்பு, வயிற்றுப்போக்கு என்ற பொதுப்பெயருக்கு ஆய்வகம் காலரா என்று பெயரிட்ட பிறகே வந்தது.

காலராவைப் பொறுத்தவரை தமிழ்நாட்டுக்கு மறக்கக் கூடாத ஓர் அனுபவம் உண்டு. 1992-இன் பிற்பகுதியில் சென்னையிலும் தென்னகத்தின் வேறு ஊர்களிலும் காலராவைப் போன்ற கடும் வயிற்றுப்போக்கு பரவியது. வளர்ப்புத் தட்டில் காலராக் கிருமிக்கே உரிய மஞ்சள் நிறக் கிருமித் திட்டுகள் தோன்றின. ஆனால் கண்ணாடித் தகட்டில் வைத்து, அதுவரை காலராக் கொள்ளைநோயை உண்டாக்கிவந்த ஓ1 வகையைத் திரளச் செய்யும் எதிர்ச்சீரத்தைச் சேர்த்துப் பார்த்தால் கிருமிகள் திரளவில்லை. காலராக் கிருமி இனமான விப்ரியோக்களில் ஓ1 அல்லாதவை கொள்ளைநோயை உண்டாக்குவதில்லை என்பதுதான் அதுவரை பாடநூல் சொன்னது. 'காலரா இல்லை' என்று எழுதிவிட்டு அடுத்த மாதிரிக்குப் போயிருக்கலாம். கையேட்டின்படி அதில் பிழை ஏதும் இல்லை. அப்படிப் போகாமல் கிருமியைச் சேமித்து, மேல்நிலை ஆய்வகங்களுக்கு அனுப்பி, ஒப்பிட்டுப் பார்த்ததால்தான் அது புதிய வகை என்று தெரிந்தது. அதற்கு முன் 138 வகைகள் பட்டியலில் இருந்ததால் அதற்கு ஓ139 என்று பெயர் வந்தது. 1993-இன் தொடக்கத்துக்குள் அது கல்கத்தாவையும் வங்கதேசத்தையும் எட்டிவிட்டது. பழைய காலராவால் ஓரளவு எதிர்ப்பாற்றல் பெற்றிருந்த பெரியவர்களையும் அது விடவில்லை. இன்று பெட்டியில் வரும் துரிதப் பரிசோதனை அட்டையை மட்டும் நம்பியிருக்கும் ஓர் ஆய்வகத்துக்கு இப்படியொரு கிருமி வந்தால் என்ன நடக்கும் என்பதைத் தாங்களே ஊகிக்கலாம். எதைத் தேடும்படி அந்த அட்டை செய்யப்பட்டதோ அதை மட்டுமே அது சொல்லும். கிருமியை உயிரோடு வளர்த்துக் கையில் வைத்திருப்பவர்தான் அடுத்த கேள்வியைக் கேட்க முடியும்.

காய்ச்சல்களின் கதை இதைவிடச் சங்கடமானது. தமிழ்நாட்டின் எந்த ஊரிலும் ஒரு வாரக் காய்ச்சலோடு வருபவரின் கையில் டைஃபாய்டுக்கான 'விடால்' ரத்தப் பரிசோதனைச் சீட்டு இருக்கும். அதில் எதிர்ப்பொருளின் அளவை 1:80 என்றோ 1:160 என்றோ எழுதி, டைஃபாய்டு என்று முடிவு கட்டியிருப்பார்கள். 1896-இல் அறிமுகமான அந்தப் பரிசோதனையை, டைஃபாய்டு நிலைகொண்டிருக்கும் ஒரு நாட்டில், ஒரே ஒருமுறை செய்துபார்த்து நோயை உறுதிசெய்ய முடியாது என்பது நம் மருத்துவக் கல்லூரிகளில் இரண்டாம் ஆண்டு மாணவருக்கே கற்பிக்கப்படுவதுதான். இதன் விளைவு இரண்டு விதமாக வந்து சேர்கிறது. டைஃபாய்டு இல்லாதவர் ஊசிமேல் ஊசி போட்டுக்கொள்கிறார். அவருடைய உண்மையான நோய் ஸ்கிரப் டைஃபஸாக (உண்ணிக் காய்ச்சலாக) இருந்தால், விலை குறைந்த டாக்சிசைக்ளின் மாத்திரையில் தீர்ந்திருக்க வேண்டியது தீவிர சிகிச்சைப் பிரிவு வரை போகிறது. வேலூர், ராணிப்பேட்டை, திருவண்ணாமலை, செங்கல்பட்டு, காஞ்சிபுரம் என்று வடமாவட்டங்களில் ஸ்கிரப் டைஃபஸ் எவ்வளவு பரவியிருக்கிறது என்பது தங்கள் துறைக்குத் தெரியும். அக்குளிலோ இடுப்பிலோ சிகரெட் சுட்டதுபோல் ஒரு கருத்த பொருக்கு இருக்கிறதா என்று ஆடையை விலக்கிப் பார்க்கும் மருத்துவருக்கு அது பிடிபடும்; பொருக்கு இல்லாதவர்களிடம் எலிசா என்ற ரத்தப் பரிசோதனைதான் வழி.

டெங்குவில் நாம் இந்த ஒழுங்கை ஏற்கெனவே கொண்டுவந்துவிட்டோம் என்பதையும் சொல்ல வேண்டும். அட்டைப் பரிசோதனையை உறுதிப்பாடாகக் கொள்ளாமல், முதல் ஐந்து நாட்களுக்கு வைரஸின் புரதத்தைத் தேடும் என்.எஸ்.1 எலிசா, அதற்குப்பின் உடல் உருவாக்கும் எதிர்ப்பொருளைத் தேடும் ஐ.ஜி.எம். எலிசா என்று வகுத்து, புணேயின் தேசிய நச்சுயிரியல் நிறுவனம் தயாரிக்கும் ஐ.ஜி.எம். பரிசோதனைப் பெட்டிகளைக் கண்காணிப்பு மருத்துவமனைகளுக்கு அனுப்பி, ஒரே அளவுகோலில் எண்ணிக்கை எடுக்கிறோம். டெங்குவுக்குச் செய்ய முடிந்ததை டைஃபாய்டுக்கும் ஸ்கிரப் டைஃபஸுக்கும் எலிக்காய்ச்சலுக்கும் செய்ய முடியாதா?

அறியாத கிருமி அருகிலேயே இருக்கலாம் என்பதற்கு வாணியம்பாடி ஓர் உதாரணம். 2022, 2023 ஆண்டுகளில் வடதமிழகத்தில் மெலியாய்டோசிஸ் என்ற பாக்டீரியாத் தொற்று மூளையையும் நரம்புகளையும் தாக்கிய நோயாளிகள் அடுத்தடுத்துக் கண்டறியப்பட்டனர், பலர் உயிரிழந்தனர். வேலூர் சி.எம்.சி., சென்னையிலுள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம், தங்கள் துறை ஆகியவை சேர்ந்து துருவிப் பார்த்தபோது அவர்களில் ஒரு பகுதியினர் வாணியம்பாடியின் ஒரே பல் மருத்துவமனைக்குச் சென்றிருந்தது தெரியவந்தது. திறந்து மூடி மீண்டும் மீண்டும் பயன்படுத்தப்பட்ட உப்புநீர் பாட்டில் வரை தடம் போயிற்று. இந்தக் கிருமியை 'சூடோமோனாஸ்' என்று வேறு கிருமியின் பெயரில் எழுதி ஒதுக்கிவிடும் வழக்கம் பல ஆய்வகங்களில் இன்னும் உண்டு. அது இன்னதென்று சரியாக அடையாளம் காட்ட ஒரு பெரிய மருத்துவக் கல்லூரி பக்கத்தில் இருந்தது வேலூர், திருப்பத்தூர் மக்களின் நல்வாய்ப்பு. எல்லா மாவட்டங்களுக்கும் அந்த நல்வாய்ப்பு இல்லை.

'இல்லை' என்று வரும் முடிவுக்கும் பொது சுகாதாரத்தில் மதிப்பு உண்டு என்பதை நமக்குக் கற்றுத்தந்தது போலியோ ஒழிப்பு. பதினைந்து வயதுக்குட்பட்ட எந்தக் குழந்தைக்குத் திடீரென்று கை கால் தளர்ந்தாலும், காரணம் எதுவாகத் தோன்றினாலும், 14 நாட்களுக்குள், 24 மணி நேர இடைவெளியில் இரண்டு மல மாதிரிகளை எடுத்து, ஐஸில் வைத்துக் கிண்டி கிங் நிலையத்தின் போலியோ ஆய்வகத்துக்கு அனுப்புகிறோம். நாட்டின் கடைசி போலியோ நோயாளி 2011 ஜனவரியில் ஹவுராவில் கண்டறியப்பட்டார். 2014 மார்ச்சில் நமக்குப் போலியோ இல்லை என்ற சான்று கிடைத்தது. அதற்குப் பின்னும் மாதிரிகள் போய்க்கொண்டே இருக்கின்றன. மருத்துவமனைக் கணக்கில் பார்த்தால் இவை அத்தனையும் வீண் பரிசோதனைகள். அந்த வீண் பரிசோதனைகளின்மேல்தான் அந்தச் சான்றே நிற்கிறது.

இங்கிலாந்து இந்தப் பாதையில் நமக்கு முன்பே நடந்த நாடு. 1939-இல் போர்க்கால ஏற்பாடாகத் தொடங்கிப் பிறகு நிலையான அமைப்பாக மாறிய பொது சுகாதார ஆய்வகப் பணி, மருத்துவமனைக் கணக்குகளுக்கு வெளியே, நாடு தழுவிய வலையாக வளர்ந்தது. 2003-இல் அதைக் கலைத்து, பெரும்பாலான ஆய்வகங்களை மருத்துவமனைகளை நடத்தும் அரசு அமைப்புகளிடம் ஒப்படைத்தார்கள். அதன் விளைவைப் பற்றி அங்கே இருவேறு கருத்துகள் உண்டு; என் கணிப்பில், அவர்கள் கலைத்ததை நாம் கட்டியெழுப்பிக்கொண்டிருக்கும் நேரத்தில் அதே தவற்றைக் கட்டடத்தின் வரைபடத்திலேயே சேர்த்துவிடக் கூடாது. 1939 நமக்கும் முக்கியமான ஆண்டு. சென்னை மாகாணம் பொது சுகாதாரச் சட்டத்தை இயற்றியது அந்த ஆண்டில்தான். மருத்துவத்துக்கு ஒன்று, பொது சுகாதாரத்துக்கு ஒன்று என்று தனி இயக்ககங்களை வைத்துக்கொண்டதால் பலன் கண்ட மாநிலம் இது. இயக்ககத்தில் இருக்கும் இந்தப் பிரிவினை ஆய்வக மேசையிலும் இருக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோளின் சாரம்.

நடைமுறையில் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஒவ்வொரு ஒருங்கிணைந்த ஆய்வகத்திலும் ஒரு நுண்ணுயிரியலாளரும் இரு நுட்பனர்களும் மாவட்ட சுகாதார அலுவலருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்களாக, காலமுறை ஊதியத்தில், நிரந்தரப் பணியிடத்தில் இருக்க வேண்டும். ஆறு மாத ஒப்பந்தத்தில் வரும் நுட்பனர் கிருமி வளர்ப்பைக் கற்று முடிக்கும்போது ஒப்பந்தமும் முடிந்துவிடுகிறது. ரத்த வளர்ப்பும் மல வளர்ப்பும் எல்லா மாவட்டங்களிலும் எல்லா நாட்களிலும் நடக்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து மாதிரியைக் கொண்டுவர நாளும் ஓடும் வாகனம் வேண்டும். இதுவரை அந்தப் பொறுப்பு பெரும்பாலும் சுகாதார ஆய்வாளரின் இருசக்கர வாகனத்திடமும் அவருடைய பெட்ரோல் காசிடமும் விடப்பட்டிருக்கிறது. காலரா, டைஃபாய்டு, மெலியாய்டோசிஸ் போன்றவற்றைக் கண்டறியும் தனியார் ஆய்வகங்கள் அறிக்கையை மட்டும் அனுப்பாமல் கிருமியையும் மாநில ஆய்வகத்துக்கு ஒப்படைக்க ஆணை வேண்டும். 2021-இல் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் திறக்கப்பட்ட மரபணுப் பகுப்பாய்வுக் கூடம் கொரோனாவோடு நின்றுவிடாமல் இந்தக் கிருமிகளையும் வாங்கிப் படிக்கட்டும்.

இன்னொன்று, செலவே இல்லாதது. மாதிரி அனுப்பிய மருத்துவருக்கு முடிவு திரும்பிப் போக வேண்டும். ஆய்வக முடிவுகளுக்கான எல் படிவத்தில் எண்கள் மேலே ஏறுகின்றன, இணையதளத்தில் பதிவாகின்றன. ஆனால் ரத்தம் எடுத்து அனுப்பிய ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவருக்கு என்ன வந்தது என்று பல நேரங்களில் யாரும் சொல்வதில்லை. பதில் வராத இடத்துக்கு அவர் ஏன் அடுத்த மாதிரியை அனுப்பப் போகிறார்? முடிவு தயாரான அன்றே அவருடைய கைப்பேசிக்கு ஒரு செய்தி போகும்படி வரும் பருவமழைக்கு முன் செய்துவிட முடியும். மற்றவற்றுக்கு நிதி ஒதுக்கீடும் ஆணையும் ஆகும் வரை, இதையாவது உடனே தொடங்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசு ஆய்வக நுண்ணுயிரியலாளர் ஒருவர்