வாசலில் நிற்பது யாருடைய வண்டி? திருமங்கலம் கடைவீதி வியாபாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணாச்சிகளுக்கும் தம்பிகளுக்கும்,

வணக்கம். கடைவீதியைச் சீரமைக்கச் சொல்லி நம்மில் சிலர் மனுவுக்குக் கையெழுத்து வாங்கி வருகிறீர்கள். தரைக்குக் கல், அலங்கார விளக்கு, முகப்பில் ஒரு வளைவு, அப்புறம் நடைபாதைக் கடைகளை அப்புறப்படுத்துவது. நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. காரணத்தைக் கடை கடையாக ஏறிச் சொல்வதைவிட எழுதிவிடலாம் என்று தோன்றியது.

போன வெள்ளிக்கிழமை, ஆட்டுச் சந்தை நாள். காலை பத்து மணிக்கு எங்கள் பாத்திரக் கடை வரிசையில் நின்ற பைக்குகளை எண்ணினேன். பதினேழு. அதில் பதினான்கு நம்முடையவையும் நம் கடைப் பையன்களுடையவையும். முதல் வண்டி என்னுடையது. காலையில் நிறுத்தினால் இரவு ஷட்டரை இறக்கும்போதுதான் எடுக்கிறோம். ஆடு விற்ற காசோடு, மகளுக்குச் சீர்ச் சாமான் வாங்கலாம் என்று பேரையூர்ப் பக்கமிருந்து வருகிறவர் வண்டியை எங்கே நிறுத்துவார்? இரண்டு சுற்று சுற்றிவிட்டு, "இதுக்கு மதுரைக்கே போயிரலாம்" என்று கிளம்பிவிடுவார். பக்கத்துக் காலி மனைக்காரர் யாரிடமாவது மாத வாடகை பேசி, நம் வண்டிகளை அங்கே விட்டால் போதும். இதற்கு எந்தத் திட்டமும் டெண்டரும் தேவையில்லை.

நடைபாதைக் கடைக்காரர்கள் விஷயத்துக்கு வருகிறேன். பூக்கார அம்மாவிடம் இரண்டு முழம் வாங்க நிற்கிறவர்தான் அப்படியே திரும்பி நம் கடையைப் பார்க்கிறார். 2014-ல் வந்த தெரு வியாபாரிகள் சட்டப்படி, கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் கொடுக்கும்வரை அவர்களை எழுப்ப முடியாது. எங்கே கடை போடலாம் என்று பேச ஒரு குழு உண்டு. அதில் நாற்பது சதவீதத்துக்குக் குறையாமல் தெரு வியாபாரிகள் இருக்க வேண்டும். வணிகர் சங்கங்களுக்கும் இடம் உண்டு. துரத்தச் சொல்லி மனு எழுதுவதற்குப் பதிலாக அந்த நாற்காலியில் போய் உட்காரலாமே.

மதுரையைப் பார்த்துப் பொருமுகிறோம். நகை என்றால் தெற்காவணி மூல வீதி, துணி என்றால் விளக்குத்தூண், மொத்தப் பலசரக்கு என்றால் கீழமாசி வீதி. போட்டிக் கடைகள் ஒட்டி ஒட்டி இருப்பதால்தான் கூட்டம் போகிறது. மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரே புது மண்டபத்தில் இருந்த கடைகளை எடுத்தபோதுகூட ஆளுக்கொரு மூலையில் போடவில்லை; பக்கத்திலேயே குன்னத்தூர் சத்திரத்தில் சேர்த்து வைத்தார்கள். நம் அப்பாக்கள் காலத்தில், தன்னிடம் இல்லாத அண்டாவை அடுத்த கடையில் எடுத்துக் கொடுத்து ஆளை நிறுத்துவார்கள். நாம் "இல்லை" என்று சொல்லி அனுப்புகிறோம்.

2021-லிருந்து சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. அந்த பஸ் கிராமத்துப் பெண்களை நம்மிடமும் கொண்டுவரும், மதுரைக்கும் கூட்டிப் போகும். இங்கே இறங்கினால் இரண்டு மணி நேரம் நிம்மதியாக நின்று வாங்க முடியுமா என்பதுதான் கேள்வி.

இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. சில மாதங்களுக்கு முன் கள்ளிக்குடிப் பக்கமிருந்து ஒரு அம்மா, வயசுக்கு வந்த பேத்தியோடு சடங்குக்குப் பாத்திரம் எடுக்க வந்திருந்தார். பாதியில் தயங்கித் தயங்கி, "பாத்ரூம் இருக்காய்யா, பிள்ளைக்கு?" என்றார். மாடியில் இருக்கிறது. பூட்டிய சாவி என் கல்லாப்பெட்டியில் கிடந்தது. "இல்லம்மா" என்றுதான் வாயில் வந்தது. எடுத்து வைத்த குடத்தையும் தாம்பாளத்தையும் அப்படியே விட்டுவிட்டுப் போனவர் திரும்பி வரவில்லை. எங்கள் கடையில் வேலை பார்க்கும் இரண்டு பெண்கள் அன்று என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

கல்லும் விளக்கும் வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. மனுவைத் திருத்தி, பெண்களுக்குத் தண்ணீர் வசதியோடு கழிப்பறை என்பதை முதல் வரியாக எழுதிக் கொண்டுவாருங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அதுவரைக்கும் மாடிச் சாவி கல்லாவுக்கு வெளியே ஆணியில் தொங்கும். திங்கட்கிழமையிலிருந்து என் வண்டியும் வாசலில் நிற்காது.

இப்படிக்கு,
உங்களில் ஒருவன்,
பாத்திரக் கடைக்காரன்