பின்வரிசையில் அமர்ந்திருந்த பெரியவருக்கு நன்றி

கடந்த மாதம் சபையின் உதவி நிதிக் கணக்கில் ஒரு தொகை துண்டு விழுந்தபோது, பதிவேட்டை வைத்திருந்த சகோதரரே அதை எடுத்துக்கொண்டார் என்று நானாகவே முடிவுகட்டி, மூப்பர்களுக்கு எழுதிய கடிதத்தைக் கையில் மடித்து வைத்திருந்தேன். என் முகத்தைப் பார்த்து விசாரித்த தாங்கள், நான் கொட்டித் தீர்த்த அனைத்தையும் பொறுமையாகக் கேட்டபின், வேதாகமத்தில் யோசுவா 22-ஆம் அதிகாரத்தைத் திறந்து என் மடியில் வைத்தீர்கள். யோர்தான் நதியருகே ரூபன், காத் கோத்திரத்தாரும் மனாசேயின் பாதிக் கோத்திரத்தாரும் கட்டிய பீடத்தைக் கலகமென்று எண்ணி யுத்தத்திற்குத் திரண்ட மற்ற இஸ்ரவேலர், வாளை எடுக்குமுன் ஆசாரியனாகிய பினெகாசையும் 10 பிரபுக்களையும் அனுப்பிக் கேட்டதனால்தான், அது பலிக்காக அல்ல, சாட்சிக்காகக் கட்டப்பட்டது என்று அறிந்தார்கள். அவர்களும் முதலில் குற்றஞ்சாட்டித்தான் பேசினார்கள் (அது எனக்குச் சற்று ஆறுதலாயிருந்தது). ஆனால், பதிலுக்குக் காது கொடுத்தார்கள். “நீங்கள் அவரிடம் கேட்டீர்களா?” என்றீர்கள். நான் கேட்டிருக்கவில்லை.

அன்று மாலையே கேட்டேன். ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு தாள்களை அவர் நகத்தால் மெல்லப் பிரித்தபோது ரசீது உள்ளே இருந்தது. ஒரு மருத்துவச் செலவுக்கென்று மூப்பர் ஒருவரே அதில் கையொப்பமிட்டிருந்தார். கடிதத்தைக் கிழித்துவிட்டேன். தங்கள் பெயரைக்கூடக் கேட்க மறந்த எனக்கு, நன்றி சொல்ல இதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.