பெயர் எழுதாத சரை

முள்ளியவளை
ஆனி 28

அன்பு மகளுக்கு,

பார்சல் நேற்றுப் போய்விட்டது. வாத்தியாரின் மகன் செவ்வாய்க்கிழமை கொழும்பிலிருந்து லண்டனுக்கு ஏறுகிறான். ஐந்து கிலோவுக்கு மேல் ஒரு கிராமும் கொண்டுபோகமாட்டேன் என்று தராசோடு வந்து நின்றான். வேப்பம்பூ வடகத்தைப் பாதியாக்கினேன், ஒடியல் மாவை வெளியே எடுத்தேன், மருந்துச் சரக்கில் மட்டும் கை வைக்கவில்லை. மருந்துக்கடையில் வேலை செய்கிறவளுக்கு மல்லியும் வேர்க்கொம்புமா அனுப்புகிறாய் என்று அப்பா சிரித்தார். போன மார்கழியில் தடிமன் பிடித்துக் கிடந்தபோது தான் எதைக் குடித்து எழும்பினார் என்று அவரைக் கேள்.

உன் இருமலை நினைத்துத்தான் அனுப்புகிறேன். பங்குனிக் கடைசியில் எடுத்தபோது ஏழு நிமிடம் கதைத்தாய், நாலு தடவை இருமினாய். அதற்குப் பிறகு, "வேலை அம்மா, பிறகு எடுக்கிறேன்" என்று இரண்டு குரல் செய்தி. மூன்று மாதமாகிறது. குறை சொல்லவில்லை. லண்டனில் வேலை என்றால் வேலைதான். ஆனால் தம்பி போட்ட பிள்ளையின் படத்துக்கு நீ இதயம் போட்டிருந்ததை அவன் காட்டினான். உங்கள் நேரப்படி இரவு இரண்டு மணியாம். அந்த நேரத்தில் என்ன விழிப்பு உனக்கு?

மருந்தைச் சொல்கிறேன், வடிவாகக் கேள். தடிமனுக்குப் பெரிய சரையில் இருக்கிற மல்லியில் ஒரு கைப்பிடி, வேர்க்கொம்பில் பெருவிரல் அளவு ஒரு துண்டு. மல்லியை வெறும் சட்டியில் மணம் எழும்பும் அளவுக்கு வறுத்து, வேர்க்கொம்பைத் தட்டிப் போட்டு, எட்டுப் பங்கு தண்ணீர் ஒன்றாக வற்றவிடு. நீ நாலு ஒன்றிலேயே இறக்கிவிடுவாய், பொறுமை இல்லாதவள். சீனி போடாதே. பனங்கட்டி வைத்திருக்கிறேன், கடித்துக்கொண்டு குடி. தடிமன் மல்லி குடித்தாலும் ஒரு வாரத்தில் போகும், குடிக்காவிட்டாலும் போகும் என்று அங்கே போன புதிதில் எனக்குப் பாடம் எடுத்தாய். போகட்டும். அந்த ஒரு வாரமும் தொண்டைக்கு இதமாக இருக்குமா இல்லையா?

இருமலுக்கு ஆடாதோடை. வேலிக்கரையில் நீ பள்ளிக்கூடம் போகிற காலத்தில் ஊன்றிய தடிதான், இப்போது ஆள் உயரத்துக்கு மேலே நிற்கிறது. முகாமிலிருந்து திரும்பி வந்த அன்று வீட்டுக்குக் கூரை இருக்கவில்லை. கிணற்றுக்குள் என்ன கிடந்தது என்று எழுதமாட்டேன். ஆடாதோடை மட்டும் தழைத்து நின்றது. ஆடு தொடாததை ஆமிக்காரனும் தொடவில்லை என்றார் அப்பா, அந்த நிலையிலும். நிழலில் உலர்த்திய இலை மூன்று, திப்பிலி இரண்டு போட்டு அவித்து, ஆறிய பிறகு தேன் விட்டுக் குடி. இதில் உள்ள சரக்கைப் பார்த்துத்தான் புரோம்ஹெக்சின் என்ற இருமல் மருந்தையே செய்தார்கள் என்று வேலையில் சேர்ந்த முதல் மாதம் நீதான் சொன்னாய். அன்று பின்னேரமே வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டுக்குச் சொன்னேன். அடுத்த நாள் சங்கக் கடையிலும் சொன்னேன். என் மகள் லண்டனில் படித்துச் சொல்கிறாள் என்று சொல்லிச் சொல்லியே எங்கள் வேலி மொட்டையாகிவிட்டது, ஊர் முழுக்க வந்து முறித்துக்கொண்டு போனது.

ஒன்று மட்டும் கவனம். வயிற்றில் பிள்ளை இருக்கிறவர்கள் ஆடாதோடை குடிக்கக்கூடாது, அது கருப்பையை இறுக்கும். பொதுவாகச் சொல்கிறேன். அப்படி ஒன்றும் இல்லையென்றால் குடி.

வற்றாப்பளைப் பொங்கலுக்கு உன் மாமி வந்திருந்தார். கால் நோவோடு எப்படி அந்தச் சனத்துக்குள் நின்றாரோ தெரியாது. என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு கதை சொன்னார். அதைப் பிறகு எழுதுகிறேன்.

இந்த முறை அதிமதுரம் வைக்கவில்லை. தேடாதே. தொண்டைக் கரகரப்புக்கு நான் அதைத் தை மாதம் தொடங்கி நாள்தோறும் வாயில் போட்டு அடக்கிக்கொண்டிருந்தேன். கிளினிக்கில் பிரஷர் 170க்கு ஏறி நின்றது. குளிசை ஒழுங்காகப் போடுகிறீர்களா என்று டொக்டர் பிள்ளை கேட்டாள். போடுகிறேன் என்றேன், உண்மையும் அதுதான். வேறு என்ன சாப்பிடுகிறீர்கள் என்று குடைந்து குடைந்து கேட்டுத்தான் அதிமதுரத்தைப் பிடித்தாள். அது உடம்பில் உப்பையும் தண்ணீரையும் மறித்துப் பிரஷரை ஏற்றுமாம், பொட்டாசியத்தை இறக்கிவிடுமாம். வேர்தானே, என்ன செய்துவிடும் என்று இருந்துவிட்டேன். இப்போது நிறுத்தியாயிற்று, நீ பயப்படாதே.

தம்பியின் பிள்ளைக்கு உரைமருந்து உரைத்துத் தேனில் குழைத்து நாக்கில் தடவப் போனபோது மருத்துவமாதுவும் என்னைப் பிடித்துக்கொண்டாள். ஒரு வயதுக்குள் தேன் நாக்கில் படக்கூடாதாம், அதில் இருக்கிற ஒரு கிருமி குழந்தையின் குடலில் நஞ்சு வைக்குமாம். நல்ல காட்டுத் தேன் என்றேன். காட்டுத் தேனும் தேன்தான் அம்மா என்றாள். வசம்பையும் எடுத்து உள்ளே வைக்கச் சொன்னாள். உனக்கும் தம்பிக்கும் எல்லாம் தடவித்தானே வளர்த்தேன் என்று வாய்வரைக்கும் வந்தது, விழுங்கிவிட்டேன். இந்த வருடம் எனக்கு எல்லாரும் பாடம் எடுக்கிற வருடம்.

ஆனாலும் ஒன்றைச் சொல்லவேண்டும். மருந்துத் தடை இருந்த காலத்தில் ஒரு பனடோல் அட்டையை நாங்கள் எப்படிப் பொத்திவைத்திருந்தோம் என்று இவர்களுக்குத் தெரியாது. வயிற்றோட்டத்துக்கு மாதுளங்கோது, சளிக்குத் தூதுவளை, காய்ச்சலுக்கு நிலவேம்பு, நாரிப்பிடிப்புக்கு ஆமணக்கிலை ஒத்தடம், தலையிடிக்கு நொச்சியிலை போட்டு வேது. இருந்ததைக் கொண்டு பிள்ளைகளைக் காப்பாற்றினோம். மலேரியாவுக்கு மட்டும் நிலவேம்பு எடுபடவில்லை. அப்பம்மா குடம் குடமாகக் காய்ச்சினார், நடுக்கம் மூன்றாம் நாள் திரும்பி வந்தது. குளோரோகுயின் கிடைத்த பிறகுதான் நீ எழும்பி இருந்தாய். 2016இல் மலேரியா இல்லாத நாடு என்று அறிவித்தபோது எனக்கு நீ கிடந்த அந்தப் பாய்தான் நினைவுக்கு வந்தது.

ஆடாதோடையை எட்டு ஒன்றாக வற்ற விடவேண்டாம், நாலு ஒன்று போதும். சொல்ல மறந்துவிட்டேன்.

இனி உன் மாமி சொன்ன கதை. எழுதாமல் மூன்று தாளை ஓட்டிவிட்டேன்.

"மகளுக்கு வயிற்றில் துளை போட்டு ஒப்பரேஷன் செய்ததாமே, இப்போது எப்படி இருக்கிறாள்?" என்று கேட்டார். பரவாயில்லை என்று சொன்னேன். வாயில் வந்தது அதுதான். பெற்றவளுக்குத் தெரியாது என்று அந்தக் கூட்டத்துக்குள் எப்படிச் சொல்வது? பிறகு அவர் சொல்லச் சொல்ல, எல்லாம் தெரிந்தவளைப் போலத் தலையாட்டி முழுக் கதையையும் கேட்டுக்கொண்டேன். மருமகன் தன் தாய்க்குச் சொல்லியிருக்கிறார். நீ எனக்குச் சொல்லவில்லை.

அந்த வாரம் பிள்ளையை நிறுக்க மருத்துவமாது வந்தபோது, தெரிந்த ஒரு பிள்ளைக்கு என்று சொல்லிக் கேட்டேன். பெயரைத் துண்டில் எழுதித் தந்தாள்: எண்டோமெட்ரியோசிஸ். கருப்பைக்கு உள்ளே இருக்கிற சவ்வைப் போல ஒன்று வெளியிலும் ஒட்டி வளருமாம். மாதாமாதம் அந்த இடங்களும் வீங்கிப் புண்படுமாம். பத்துப் பெண்களில் ஒருத்திக்கு இருக்குமாம், ஆனால் இன்ன வருத்தம் என்று கண்டுபிடிக்கவே வருடக்கணக்காகிவிடுமாம். பிள்ளை தங்குவது சிலருக்குக் கடினம், எல்லாருக்கும் அப்படி இல்லை என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்தபடி, "அந்தப் பிள்ளைக்குச் சின்ன வயதிலேயே கடும் நோவு இருந்ததா? தாய்க்கு, சகோதரிகளுக்கு யாருக்காவது இருந்ததா? இது குடும்பத்தில் வரக்கூடியது" என்று கேட்டாள். அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லி உள்ளே போய்விட்டேன். அடுப்பில் ஒன்றும் இருக்கவில்லை.

நீ பெரியபிள்ளையானது 2002 சித்திரையில், யாழ்ப்பாணத்துக்குப் போகிற ஏ9 பாதை திறந்த அதே மாதம். பச்சை முட்டை, நல்லெண்ணெய், வேப்பிலை உருண்டை, உழுத்தம்மாக் களி என்று ஒன்றும் குறைவைக்கவில்லை நான். அடுத்த மாதமே நீ சுருண்டுபோனாய். கருஞ்சீரகமும் வெந்தயமும் வறுத்து அவித்துத் தந்தேன். எள்ளும் பனங்கட்டியும் இடித்துத் தந்தேன். நீ குடித்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுப்பாய். சத்தம் போடமாட்டாய். சத்தம் போடாதே, அப்பாவும் சித்தப்பாவும் விறாந்தையில் இருக்கிறார்கள் என்று சொன்னவள் நான். 2005 மார்கழி, சாதாரணதரப் பரீட்சையில் கணக்குப் பாடத்தன்று நீ மயங்கி விழுந்து, உன்னை ரீச்சர் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து விட்டபோது, எத்தனை கணக்குச் செய்தாய் என்பதுதான் நான் கேட்ட முதல் கேள்வி.

சண்டைக் காலம், ஆஸ்பத்திரி இல்லை, டொக்டர் இல்லை என்று இத்தனை வருடமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். நேற்று விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். 2006 ஆவணியில் பாதை மூடும்வரை நாலு வருடம் திறந்துதான் கிடந்தது. அந்தப் பாதையால் உன்னை நல்லூர்த் திருவிழாவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஐஸ்கிரீம் குடித்தோம், உனக்கு நீலக் கல் வைத்த தோடு வாங்கினேன். யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரி அங்கிருந்து இரண்டு கட்டை தூரம்கூட இராது. கலியாணமாகாத பிள்ளையைப் பெண் டொக்டரிடம் கொண்டுபோனால் ஊர் என்ன கதைக்கும் என்றுதான் நான் போகவில்லை. வேறு காரணம் இல்லை.

அதைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது. நீ நோவில் கிடக்கும் ஒவ்வொரு முறையும், "எனக்கெல்லாம் ஒரு நாளும் இப்படி வந்ததில்லை" என்று சொல்வேன். நினைவிருக்கிறதா? அது பொய். எனக்கும் வந்தது. நெல் அவிக்கிற கொட்டிலுக்குள் சாக்கைக் கடித்துக்கொண்டு கிடந்திருக்கிறேன். உனக்கும் தம்பிக்கும் இடையில் எட்டு வருடம். இடம்பெயர்ந்து திரிந்தோம், அதனால்தான் என்று எல்லாருக்கும் சொன்னோம். அதுவும் முழு உண்மை இல்லை. கொட்டிலுக்குள் நான் கிடந்ததை அம்மம்மா ஒருநாள் கண்டுவிட்டுச் சொன்னதும் இதே வசனம்தான். அவருக்கும் வந்ததோ என்னவோ, கேட்க இப்போது ஆள் இல்லை. அப்படிச் சொன்னால் உனக்குத் தைரியம் வரும் என்று நினைத்தேனா, அல்லது நான் பொறுத்துக்கொண்டதை நீயும் பொறுக்கவேண்டும் என்று ஒரு வன்மம் என்னிடம் இருந்ததா, எனக்கே விளங்கவில்லை.

அங்கே டொக்டர், குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா என்று உன்னிடம் கேட்டிருப்பார். நீ இல்லை என்று சொல்லியிருப்பாய், நான் அப்படித்தானே சொல்லித் தந்தேன். திருத்தி எழுதச் சொல். அம்மாவுக்கு பதினைந்து வயது தொடக்கம் நாற்பத்தெட்டு வரைக்கும் கடும் நோவு இருந்தது, இரண்டாவது பிள்ளை தங்க எட்டு வருடம் சென்றது, ஒருநாளும் டொக்டரிடம் காட்டவில்லை என்று சொல். இதை மறக்காதே. மல்லியை மறந்தாலும் இதை மறக்காதே.

பார்சலின் அடியில், மஞ்சள் துணியில் முடிந்த சின்னச் சரை ஒன்று இருக்கும். மற்றவை எல்லாவற்றிலும் பெயர் எழுதினேன், அதில் எழுதவில்லை. மாமி கதை சொன்ன மறுநாள் பரியாரியார் ஒருவரிடம் போய் வாங்கியது, பிள்ளை தங்குவதற்கு. உன்னைக் கேட்காமல் வைத்துவிட்டேன். அதைக் குடிக்காதே. என்ன வேர், என்ன தூள் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆடாதோடையைப் பற்றி மேலே, "அப்படி ஒன்றும் இல்லையென்றால் குடி" என்று எழுதிய வரியையும் வெட்ட நினைத்தேன். வெட்டினால் இன்னும் கூர்ந்து வாசிப்பாய் என்று விட்டுவிட்டேன். நான் உன்னை அப்படிக் கேட்டிருக்கக்கூடாது. பங்குனியில் கேட்டதையும் கேட்டிருக்கக்கூடாது.

இதைத் தம்பியிடம் கொடுத்தால் படம் பிடித்து வட்ஸ்அப்பில் உடனே அனுப்பிவிடுவான். ஆனால் அவன் வாசிப்பான். தபாலில்தான் போடப்போகிறேன். பார்சல் முந்திவிடும். அதனால் செவ்வாய்க்கிழமை இரவு, மஞ்சள் துணி முடிச்சை அவிழ்க்காதே என்று மட்டும் ஒரு குரல் செய்தி போடுவேன். ஏன் என்று கேட்கவாவது எடு.

அம்மா